செருகுநிரல் முறையில் மென்பொருட்கூறுகளை இணைத்தல்: தமிழ்க் கணினிக் கருவிகளும் புளியங்குடி வட்டாரச் சொற்சேகரிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு பயன்பாட்டு மென்பொருளை ஒரே திரளாக எழுதாமல், தனித்தனிக் கூறுகளாக அமைத்து, ஒவ்வொரு கூறும் தனக்குத் தேவையானவற்றை வெளிப்படையாக அறிவிக்க, ஒரு சட்டகம் அவற்றை உரிய வரிசையில் பொருத்தித் தரும் முறை செருகுநிரல்சார் சார்புக் கட்டமைப்பு எனப்படும். இக்கட்டுரை அம்முறையைத் தமிழாய்வாளர் நோக்கில் விளக்குகிறது. விசைப்பலகைப் பொறிகள், சொற்பிழை திருத்திகள், அகரவரிசையாக்கம், உருபனியல் பகுப்பு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நன்னூலின் பதவுறுப்புப் பகுப்பும் தொல்காப்பியத்தின் மாட்டேற்று நெறியும் ஒப்புநோக்கப்படுகின்றன. தென்காசி மாவட்டம் புளியங்குடியின் எலுமிச்சைத் தொழிற்சொற்களைத் தொகுப்பதற்கான மாதிரி வடிவமைப்பு ஒன்றும் முன்வைக்கப்படுகிறது. மொழித்தரவு ஒரு மென்பொருளுக்குள் பூட்டப்படாமல் தனிக்கூறாக நிற்பதே ஆய்வுப் பயனின் நீட்சிக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்

செருகுநிரல், சார்பு, இடைமுகம், தாய்நிரல், ஒட்டுவிதி, மாட்டேறு, அகரவரிசை, வட்டார வழக்கு, புளியங்குடி.

1. முன்னுரை

தமிழ்த்துறைகளில் மேற்கொள்ளப்படும் களஆய்வுகள் பலவற்றின் பின்னிணைப்பாகச் சொற்பட்டியல்கள் இடம்பெறுகின்றன. தொழிற்சொற்கள், வழிபாட்டுச் சொற்கள், உணவுப்பெயர்கள் என அவை பல்வகைப்படும். இப்பட்டியல்களுள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் படிக்க இயலாத குறிகளாகத் தோன்றுகின்றன. சொல்லைச் சேகரித்த உழைப்பு மெய்யானது. தாளில் அச்சான படியும் எஞ்சியிருக்கலாம். எனினும் தேடவும் வரிசைப்படுத்தவும் பிற பட்டியல்களோடு ஒப்பிடவும் ஏற்ற தரவாக அது நிலைப்பதில்லை. சேகரித்தவரின் கவனக்குறைவு இதற்குக் காரணம் அன்று. தரவு, எழுத்துரு, மென்பொருள் ஆகிய மூன்றும் ஒன்றாக இறுகிப்போனமையே காரணம்.

இவ்விறுக்கத்தைத் தளர்த்தும் வழியை மென்பொருட் பொறியியல் கடந்த அரை நூற்றாண்டாக வளர்த்து வந்துள்ளது. அதன் கருத்துகள் நிரலாளர்க்கு மட்டுமே உரியன என்னும் எண்ணம் தமிழாய்வாளரிடையே நிலவுகிறது. எதைத் தனிக்கூறாக்குவது, எது எதைச் சார்ந்து நிற்கிறது என்பன மொழியறிவு கொண்டே விடை காணவேண்டிய வினாக்கள். ஆதலின் அக்கருத்துகளை நிரல்வரிகள் இன்றி விளக்குவதும், அவற்றைத் தமிழ் இலக்கணப் பயிற்சி உடையோர் எவ்வாறு பயன்கொள்ளலாம் எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள் ஆகும்.

2. கூறாக்கமும் சொல்லடைவும்

மென்பொருளைக் கூறுகளாகப் பகுக்கும் அளவுகோல் யாது என்னும் வினாவை டேவிட் பார்னாஸ் 1972இல் வெளியிட்ட கட்டுரையில் எழுப்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று தமிழாய்வாளர்க்கு அயலானது அன்று. வரிகளை உள்வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் அதன் சூழலோடு அகரவரிசையில் நிறுத்தித் தரும் சொல்லடைவு ஒன்றை உருவாக்கும் நிரலே அச்சான்று. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு தொகுத்த மரபினர்க்கு இப்பணியின் படிநிலைகள் நன்கு தெரிந்தவை.

பார்னாஸ் இந்நிரலை இருவகையாகப் பகுத்துக் காட்டினார். முதல் வகை, வேலை நடைபெறும் வரிசையில் பகுப்பது: உள்வாங்கல், சூழல் அமைத்தல், வரிசைப்படுத்தல், வெளியிடல். இயல்பானதாகத் தோன்றும் இப்பகுப்பில் ஓர் இடர் உண்டு. வரிகள் நினைவகத்தில் சேமிக்கப்படும் முறையை எல்லாக் கூறுகளும் அறிந்திருப்பதால், அம்முறை மாறினால் எல்லாக் கூறுகளையும் மாற்றவேண்டும். இரண்டாம் வகை, மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்துவைப்பது. வரிகள் எவ்வாறு சேமிக்கப்படுகின்றன என்பதைச் சேமிப்புக்கூறு மட்டுமே அறியும்; பிற கூறுகள் அதனிடம் வேண்டிப் பெறும். ‘எந்த வரிசையில் வேலை நடக்கிறது’ என்பதைக் காட்டிலும் ‘எது நாளை மாறக்கூடும்’ என்பதே பகுப்பின் அளவுகோல் ஆகவேண்டும் என்பது அவர்தம் முடிபு.

தமிழ்ச் சூழலில் மாறக்கூடியன எவை? எழுத்துக் குறியேற்றம் மாறியுள்ளது. தமிழக அரசு 1999ஆம் ஆண்டையொட்டி டாப், டாம் ஆகிய எட்டு நுண்மிக் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியையும் அதனோடு டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. விசைப்பலகை அமைப்புகள் பல. அகராதி வரிசை மரபுகளும் ஒன்றுக்கு மேற்பட்டன. இவை ஒவ்வொன்றும் தனிக்கூறாக வேண்டியவை.

3. தாய்நிரல், செருகுநிரல், இடைமுகம்

தான் தனித்தியங்கும் ஆற்றல் கொண்டு, பிற கூறுகளை ஏற்கும் இடங்களைத் தன்னகத்தே விட்டுவைத்திருக்கும் நிரல் தாய்நிரல் எனப்படும். அவ்விடங்களில் பொருந்தி அதன் ஆற்றலை விரிப்பது செருகுநிரல். இரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு அழைக்கும், எதைக் கொடுத்து எதைப் பெறும் என்னும் உடன்பாடு இடைமுகம். எலுமிச்சை முதலிய மரங்களில் ஒட்டுக்கட்டுவோர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. ஒட்டு நிலைப்பதற்கு வேர்க்கன்றும் ஒட்டுக்குச்சியும் வெட்டுப்பரப்பில் இசைந்து பொருந்தவேண்டும். அங்குப் பொருந்திய பின் மேலே காய்ப்பது எவ்வினம் என்பதை வேர்க்கன்று வரையறுப்பதில்லை. இடைமுகத்தின் பணியும் அத்தகையதே.

இம்முறையைப் பெருமளவில் நடைமுறைப்படுத்தியவற்றுள் 1999இல் அமைக்கப்பட்ட ஓஎஸ்ஜிஐ கூட்டமைப்பின் வரையறை குறிப்பிடத்தக்கது. ஜாவா மொழியில் எழுதப்படும் ஒவ்வொரு கூறும் தான் வழங்குவதையும் தனக்கு வேண்டுவதையும் ஓர் அறிவிப்புக் கோப்பில் குறிக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. எக்ளிப்ஸ் என்னும் நிரலாக்கச் சூழல் 2004இல் வெளிவந்த தன் மூன்றாம் பதிப்பில் இவ்வரையறையைத் தழுவியது. எக்ளிப்ஸின் பெரும்பகுதி செருகுநிரல்களின் தொகுதியாகவே அமைந்தது.

தமிழ் உள்ளீட்டுக் கருவிகளில் இதே அமைப்பைக் காணலாம். லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எம்17என் நூலகம் சப்பானில் உருவாக்கப்பட்டது. அதன் பொறிக்குத் தமிழ் தெரியாது. எவ்விசைத் தொடருக்கு எவ்வெழுத்துத் தோன்றவேண்டும் என்பதைக் கூறும் உரைக்கோப்பு ஒவ்வொரு விசைப்பலகைக்கும் தனியே உண்டு. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி ஆகிய அமைப்புகள் இவ்வாறு தனித்தனிக் கோப்புகளாக நிற்கின்றன. தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே அமைகிறது. மெல்லெழுத்தை அடுத்து அதன் இன வல்லெழுத்து வரினும் அவ்வாறே. மெய்ம்மயக்கம் பற்றிய இவ்விலக்கண அறிவு பொறியில் இல்லை. செருகப்படும் கோப்பில் உள்ளது.

விண்டோஸ் கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட எ-கலப்பை மற்றொரு சான்று. தமிழா குழுவினரால் வெளியிடப்பட்ட இக்கருவி தொடக்கத்தில் கீமேன் என்னும் அயல்நாட்டு விசைப்பலகைப் பொறியைச் சார்ந்து இயங்கியது. பின்னைய பதிப்பில் அப்பொறியை விட்டு வேறொன்றன்மீது அமைக்கப்பட்டது. பொறி மாறியும் தமிழ்99 மாறவில்லை. தட்டச்சு செய்வோர் விரல்பழக்கத்தை மாற்றவேண்டிய தேவையும் எழவில்லை. மொழியறிவு பொறியினின்று பிரிந்து நின்றமையால் கிட்டிய பயன் இது.

4. பதவுறுப்புகளும் ஒட்டுவிதிக் கோப்பும்

நன்னூலார் பகுபதத்தின் உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுத்தார். ‘நடந்தனன்’ என்னும் வினைமுற்றில் நட என்பது பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அன் ஆண்பால் விகுதி. இப்பகுப்பில் கருதத்தக்கன இரண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தில் அவ்வகையைச் சார்ந்த எவ்வுறுப்பும் வரலாம். விகுதியாகிய ‘அன்’ நீங்கி ‘அள்’ வரின் நடந்தனள் எனப் பொருள் மாறும்; ஏனைய உறுப்புகள் மாறா. அடுத்து, சந்தியும் விகாரமும் பெரும்பாலும் உறுப்புகள் கூடும் எல்லையிலேயே நிகழ்கின்றன. செருகுநிரல் அமைப்பில் பிழைகள் பெரிதும் தோன்றும் இடமும் கூறுகள் சந்திக்கும் எல்லையே.

இவ்வொப்புமை கணினியில் நேரடியாகப் பயன்படும் இடம் சொற்பிழை திருத்தி. லிப்ரேஓபிஸ், பயர்பாக்ஸ், குரோம் ஆகியன பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் பொறியை லாஸ்லோ நெமெத் அங்கேரிய மொழிக்கென உருவாக்கினார். அங்கேரியம் தமிழ்போல் ஒட்டுநிலை மொழி. எல்லாச் சொல்வடிவங்களையும் பட்டியலிடாமல், அடிச்சொற்களுக்கு ஒரு கோப்பும் அவற்றோடு சேரும் ஒட்டுகளுக்கு ஒரு கோப்பும் என இரண்டு கோப்புகளை அப்பொறி பயன்படுத்துகிறது. இவ்விரு கோப்புகளையும் மாற்றினால் அதே பொறி வேறொரு மொழிக்கு உழைக்கும்.

ஒட்டுவிதி ஒவ்வொன்றும் மூன்று செய்திகளைக் கூறும்: எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது, எந்நிலையில். இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்கும் சொற்களைக் கொண்டு இதனைக் காணலாம்.

‘மரம்’, ‘குளம்’, ‘பழம்’ முதலிய மகரவீற்று அஃறிணைப் பெயர்களில் ‘ம்’ நீக்கி ‘த்தை’ சேர்க்கவேண்டும். ‘எலுமிச்சை’ போன்ற ஐகாரவீற்றுச் சொற்களில் எதையும் நீக்காமல் உடம்படுமெய்யோடு ‘யை’ சேர்க்கவேண்டும். ‘பால்’ என்பதில் புள்ளியை மட்டும் நீக்கி ஐகாரக் குறியைச் சேர்த்தால் ‘பாலை’ கிடைக்கும். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டுமாதலின் ‘கண்’ என்பதில் ‘ணை’ சேர்க்கவேண்டும். ‘காடு’ என்பது ‘காட்டை’ எனவும் ‘வண்டு’ என்பது ‘வண்டை’ எனவும் ஆவதால், குற்றியலுகரச் சொற்களில் ஈற்றயல் நோக்கி நிபந்தனை வகுக்கவேண்டும்.

இவ்விதிகள் யாவும் புணரியல் கற்றார் அறிந்தவை. அவற்றை உரிய வடிவில் எழுதுவதற்கு நிரல்மொழிப் பயிற்சி வேண்டா. இலக்கணத் தெளிவும் கோப்பின் அமைப்பு பற்றிய ஒருநாட் பயிற்சியும் போதும். ஆயினும் எல்லையொன்றைச் சுட்டவேண்டும். ஹன்ஸ்பெல் பொறி பின்னொட்டுகளை இரண்டு அடுக்குவரை உரிக்கவல்லது. துணைவினைகளும் சொல்லுருபுகளும் இடைச்சொற்களும் அடுக்கி வரும் தமிழ் வினைவடிவங்களுக்கு அது போதாது. அங்கு வேறொரு கூறு வேண்டப்படுகிறது. சர்வேஸ்வரன், கிகான் டயஸ், மிரியம் பட் ஆகியோர் உருவாக்கி 2021இல் வெளியிட்ட தமிழிமார்ஃப் என்னும் உருபனியல் பகுப்பி, வரம்புநிலை இயந்திர நெறியில் அமைந்தது. அதிலும் விதிக்கோப்புகள் ஃபோமா என்னும் பொதுப்பொறியினின்று பிரிந்தே நிற்கின்றன.

5. சார்பும் மாட்டேறும்

ஒரு கூறு இயங்க மற்றொன்று வேண்டப்படின் முன்னது பின்னதைச் சார்ந்துள்ளது என்கிறோம். சார்புகளை அறிவிப்பதன் பயன், கூறுகளை எவ்வரிசையில் ஏற்றுவது என்பதைச் சட்டகமே கண்டுகொள்ளலாம் என்பது. எதையும் சாராத கூறுகளை முதலில் ஏற்றி, அவற்றை மட்டும் சார்ந்தவற்றை அடுத்து ஏற்றி, இவ்வாறே தொடர்தல் இதன் வழி. இதற்குரிய தெளிவான படிமுறையை ஆர்தர் கான் 1962இல் வெளியிட்டார். எல்லாக் கூறுகளையும் ஏற்றிவிட்டால் அமைப்பு சீரானது. சில எஞ்சி நின்றால் அவை ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்துள்ளன என்பது புலனாகும்.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இந்நோக்கில் பயில்வது பயனுடையது. உயிர்மயங்கியலில் அகரவீற்றுப் புணர்ச்சியை விரித்துரைத்த பின், ஆகாரவீறு அகரவீற்றின் இயல்பினது என ஒரே நூற்பாவில் ஆசிரியர் மாட்டெறிகிறார். விதியை மீண்டும் கூறாமல் முன்னைய விதியைச் சுட்டி அமையும் இந்நெறியை உரையாசிரியர்கள் மாட்டேறு என வழங்கினர். மாட்டெறியப்பட்ட நூற்பா தனித்து நில்லாது; அது சுட்டும் நூற்பாவைக் கற்ற பின்னரே பொருள்படும். நூற்பாக்களின் வைப்புமுறை இச்சார்பைப் பேணுகிறது. முன்னைய நூற்பாவில் பாடவேறுபாடு ஏற்படின் மாட்டேற்று நூற்பாவின் பொருளும் உடன் மாறும் என்பதைப் பதிப்பாசிரியர் உணர்வர்.

இதனால் பண்டைத் தமிழர் மென்பொருளியலை அறிந்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. பெரிய அறிவுத்தொகுதி ஒன்றைச் சுருங்கச் சொல்ல முற்படும் எவர்க்கும் எழும் தேவையே இரண்டிடத்தும் ஒத்த தீர்வைத் தந்துள்ளது. நூற்பா அமைப்பைப் பயின்ற ஆய்வாளர்க்குச் சார்பு வரைபடம் வரைவது புதிய திறன் அன்று என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

6. சார்பை வெளியிலிருந்து வழங்குதல்

ஒரு கூறு தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளலாம். அல்லது வேண்டுவதை அறிவித்துவிட்டு வெளியிலிருந்து பெறலாம். பின்னைய முறைக்குச் சார்பு உட்செலுத்தல் என்னும் பெயரை மார்ட்டின் ஃபௌலர் 2004இல் எழுதிய கட்டுரை நிலைபெறச் செய்தது. இதன் பயனை அகரவரிசையாக்கம் தெளிவாகக் காட்டும்.

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் பெற்ற எண்வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. ஜகரம் சகரத்தை அடுத்துவருகிறது. ஆதலின் எண்வரிசைப்படி வரிசைப்படுத்தும் மென்பொருள் கனி, கமலை, கறி, களை, கழனி, கவாத்து எனத் தரும். நெடுங்கணக்குப்படி வேண்டுவது கமலை, கவாத்து, கழனி, களை, கறி, கனி என்பதாகும். முதலில் நின்ற சொல் இறுதிக்குச் செல்லுமளவு வேறுபாடு பெரிது.

நெடுங்கணக்கை ஏற்ற பின்னும் மற்றொரு வினா எஞ்சுகிறது. புள்ளிபெற்ற மெய்யை உயிர்மெய்க்கு முன் வைப்பதா, பின் வைப்பதா? ‘கட்டு’ முன்னதா, ‘கடை’ முன்னதா? அகராதிகளிடையே இருவகை மரபும் உண்டு. வரிசையாக்கும் கூறு இவ்விரண்டுள் ஒன்றைத் தனக்குள் எழுதிவைத்துக்கொண்டால் மற்றொரு மரபைப் பின்பற்றுவோர்க்கு அது பயன்படாது. ‘இரு சொற்களுள் எது முந்தியது எனக் கூறும் விதி ஒன்று எனக்கு வேண்டும்’ என அறிவித்துவிட்டு அவ்விதியை வெளியிலிருந்து பெற்றால், ஒரே கூறு இரு மரபுக்கும் உதவும். வரிசை பற்றிய கருத்துவேறுபாடு அறிஞர்தம் ஆய்வுக்குரியதாக நிற்கும். நிரலாளரின் தனிமுடிவாக மறைந்துபோகாது.

7. சுழற்சார்பு: ‘ஊறுகாய்’ காட்டும் சிக்கல்

ஒற்று மிகுமிடங்களைத் திருத்தும் கருவி, சொற்களிடையே உள்ள உறவை அறியவேண்டும். ‘எலுமிச்சைத் தோட்டம்’ என்பதில் தகரம் மிகும். ‘ஊறுகாய்’ என்பது வினைத்தொகையாதலின் மிகாது. உறவை அறியச் சொல்லைப் பகுக்கவேண்டும். எனவே ஒற்றுத் திருத்தி சொற்பகுப்பியைச் சார்கிறது. சொற்பகுப்பியோ, சேர்த்தெழுதப்பட்ட தொடரைப் பிரிக்கப் புணர்ச்சி விதிகளை நாடவேண்டும். அவ்விதிகள் ஒற்றுத் திருத்தியில் இருப்பின் அது இதனைச் சார்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்க, எதை முதலில் ஏற்றுவது என்பதற்கு விடை இல்லாமற் போகிறது.

இத்தகைய சுழலை அறுக்கும் வழி, இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது கூறாகப் பிரித்தெடுப்பது. இங்குப் பொதுவானவை புணர்ச்சி விதிகள். அவற்றை எவ்விரு ஒலிகள் கூடின் எவ்வடிவங்கள் தோன்றக்கூடும் எனக் கூறும் அட்டவணையாகத் தனியே வைத்தால், சொற்பகுப்பி அதனைப் பின்னோக்கிப் படித்துத் தொடரைப் பிரிக்கும்; ஒற்றுத் திருத்தி முன்னோக்கிப் படித்துச் சேர்க்கையைச் சரிபார்க்கும். அட்டவணை இவ்விரண்டையும் சாராது. இவ்வாறு பிரித்தெடுப்பதற்குப் புணர்ச்சியில் எது ஒலிசார்ந்தது, எது பொருளுறவு சார்ந்தது என்னும் தெளிவு முன்வேண்டும். மென்பொருளின் சுழற்சார்பு இங்கு இலக்கண வினாவாகவே வெளிப்படுகிறது.

8. அறுந்த சார்பும் பதிப்பெண்ணும்

சார்ந்து நிற்பதில் இடரும் உண்டு. 2016 மார்ச்சில் என்பிஎம் என்னும் பொதுக்களஞ்சியத்தினின்று லெஃப்ட்பேட் என்ற கூறினை அதன் ஆசிரியர் நீக்கினார். சரத்தின் இடப்பக்கத்தில் நிரப்பெழுத்து இடும் 11 வரி நிரல் அது. அதனை நேரடியாகவும் வழிவழியாகவும் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் உருவாக்கம் தடைப்பட்டது. தாம் அதனைச் சார்ந்திருப்பதையே பலர் அப்போதுதான் அறிந்தனர்.

தமிழ்த்தரவு கண்ட இழப்பு இதனினும் ஆழமானது. எட்டு நுண்மி எழுத்துரு முறைகளில் எழுத்தின் அடையாளமே எழுத்துருவைச் சார்ந்திருந்தது. இது எங்கும் அறிவிக்கப்படாத சார்பு. கோப்பைத் திறப்பவர் எவ்வெழுத்துரு தேவை என்பதைக் கோப்பிலிருந்து உறுதியாக அறிய இயலாது. சுரதாவின் பொங்குதமிழ் முதலிய மாற்றிகள் ஈழத்திலும் தமிழகத்திலும் புழங்கிய பல்வேறு குறிமுறைகளை ஒருங்குறிக்குக் கொணர்ந்தமை இவ்வகையில் பெரும்பணி.

ஒருங்குறியிலும் கவனிக்கவேண்டியன உள. ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரமும் ஒகரக்குறியும் எனவும், ககரமும் எகரக்குறியும் கால்குறியும் எனவும் இருவகையாகக் குறியேற்றலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி நெறியும் இவற்றை நிகரானவை என்கிறது. எனினும் இயல்பாக்கம் செய்யாத தேடுபொறிக்கு இவை வெவ்வேறு. ஔகாரத்திற்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடும் பழக்கம் இதனின் வேறானது; அதனை இயல்பாக்கமும் சரிசெய்யாது; தனித்திருத்தம் வேண்டும்.

கூறுகள் மாறும்போது சார்ந்திருப்போரை எச்சரிக்க மூவெண் பதிப்பு முறை வழக்கில் உள்ளது. பழைய உடன்பாட்டை முறிக்கும் மாற்றத்திற்கு முதலெண்ணும், முறிக்காத சேர்க்கைக்கு நடுவெண்ணும், பிழைத்திருத்தத்திற்குக் கடையெண்ணும் உயரும். சொற்பட்டியலில் எழுத்துப்பிழை திருத்தினால் கடையெண். புதுச்சொல் சேர்த்தால் நடுவெண். பொருட்புலம் ஒன்றை இரண்டாகப் பிரித்தால் முதலெண். நூற்பதிப்பில் திருத்திய பதிப்பு, விரிவாக்கிய பதிப்பு என வேறுபடுத்தும் மரபோடு இது ஒத்தது.

9. புளியங்குடிச் சொற்சேகரிப்பு: ஒரு மாதிரி வடிவமைப்பு

புளியங்குடி, மதுரையையும் தென்காசியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்த நகராட்சி. 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிந்த தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது. எலுமிச்சைச் சந்தையால் பெயர்பெற்றது. சாகுபடி, ஒட்டுக்கட்டல், பாசனம், தரம்பிரித்தல், ஏலம் எனத் தொழில் பல படிகளில் நிகழும் ஊரில் சொல்வளமும் அவ்வாறே பல்கும். கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கோவில்பட்டிப் பகுதிக்குச் செய்த பணியை, இம்மலையடிப் பகுதியின் தோட்டத்தொழிலுக்குச் செய்ய இடமுண்டு. அத்தகைய தொகுப்புக்கு ஏற்ற கட்டமைப்பைப் பின்வருமாறு அமைக்கலாம்.

முதலாவது, எழுத்து இயல்பாக்கி. இது எதையும் சாராது. இரண்டாவது, பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்குக் கொணரும் குறிமுறை மாற்றி. இது இயல்பாக்கியைச் சாரும். மூன்றாவது, புணர்ச்சி அட்டவணை. இதுவும் எதையும் சாராது. நான்காவது, சொற்பட்டியல். இது நிரலன்று, தரவுக்கூறு. சொல், ஒலிப்பு, பொருள், துறை, பதிவு செய்த இடம், நாள் ஆகிய புலங்களைக் கொண்ட எளிய உரைக்கோப்பாக அமைந்து, இயல்பாக்கியின் விதிக்கு உட்பட்டது. ஐந்தாவது, அகரவரிசையாக்கி, இயல்பாக்கியைச் சார்ந்து, வரிசைவிதியை வெளியிலிருந்து பெறும். ஆறாவது, சொற்பகுப்பி, சொற்பட்டியலையும் புணர்ச்சி அட்டவணையையும் சாரும். ஏழாவது, ஒற்றுத் திருத்தி. சொற்பகுப்பியையும் புணர்ச்சி அட்டவணையையும் சாரும். எட்டாவது, அச்சு வெளியீட்டுக்கூறு. சொற்பட்டியலையும் அகரவரிசையாக்கியையும் சாரும்.

கானின் படிமுறைப்படி இயல்பாக்கியும் புணர்ச்சி அட்டவணையும் முதலில் ஏறும். மாற்றியும் சொற்பட்டியலும் வரிசையாக்கியும் அடுத்தும், பகுப்பியும் வெளியீட்டுக்கூறும் அதன்பின்னும், ஒற்றுத் திருத்தி இறுதியிலும் ஏறும். எதுவும் எஞ்சுவதில்லை; சுழற்சார்பு இல்லை.

‘துறை’ என்னும் புலத்தின் தேவைக்கு ‘ஒட்டு’ என்னும் சொல்லே சான்று. தோட்டத்தில் அது இருசெடிகளைப் பொருத்தும் வினையையும், பொருத்தி வளர்த்த கன்றையும் குறிக்கும். மொழியியலில் சொல்லின் முன்னும் பின்னும் சேரும் உருபைக் குறிக்கும். துறை குறிக்கப்படாத பட்டியலைப் பிறர் தம் அகராதியில் செருகும்போது இப்பொருள்கள் மயங்கும். புலங்களின் வரையறை இடைமுகத்தின் பகுதி என்பது இதனால் பெறப்படும்.

இவ்வமைப்பில் களஆய்வாளர் பொறுப்பேற்பது சொற்பட்டியலுக்கே. கடையநல்லூர்ப் பகுதி நெசவுச் சொற்களையோ செங்கோட்டைப் பகுதி நெல்வகைச் சொற்களையோ தொகுப்பவர் நான்காம் கூறினை மட்டும் மாற்றிப் பிற அனைத்தையும் அவ்வாறே பயன்கொள்ளலாம். அவரவர் பட்டியல் தனிப்பதிப்பெண் பெற்றுத் தனியே மேற்கோள் காட்டத்தக்கதாகும். பொறியியல் துணைக்குப் பெருநகரம் செல்லவேண்டிய நிலையும் மாறியுள்ளது. சோகோ நிறுவனம் 2011 முதல் தென்காசிப் பகுதியில் மென்பொருள் உருவாக்கப் பணியை நடத்திவருகிறது. இலக்கணம் பயின்றாரும் நிரல் எழுதுவோரும் ஒரே மாவட்டத்தில் வாழும் சூழலில் இருவர்க்கும் இடைமுகம் அமைப்பதே எஞ்சியுள்ள பணி.

10. வரம்புகள்

கூறாக்கம் எல்லா நிலையிலும் நன்மை தருவதன்று. 200 சொற்கள் கொண்ட பட்டியலுக்கு எட்டுக் கூறுகள் மிகை. ஒருங்குறியில் அமைந்த ஒழுங்கான அட்டவணையே போதும். கூறுகள் பெருகப் பெருகச் சார்புகளைப் பராமரிக்கும் சுமையும் பெருகும். இடைமுகத்தைக் காலத்திற்கு முன்னரே இறுக வரையறுத்துவிட்டால் களத்தில் எதிர்ப்படும் புதுவகைச் செய்திக்கு அதில் இடமிருக்காது. சந்தையில் விலைபேசும்போது பயன்படும் கைக்குறிப்புகளைச் சொல், பொருள் என்னும் இரு புலங்களில் அடக்க இயலாது என்பது ஒரு சான்று. ஆதலின் முதற்கட்டக் களப்பணி முடிந்த பின்னரே புலங்களை உறுதிசெய்தல் நன்று.

11. முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

• மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் வைப்பதே கூறாக்கத்தின் அளவுகோல். தமிழில் குறியேற்றம், விசைப்பலகை, அகரவரிசை மரபு ஆகியன அத்தகையன.

• எம்17என் விசைப்பலகைக் கோப்புகளும் ஹன்ஸ்பெல் ஒட்டுவிதிக் கோப்புகளும் இலக்கண அறிவைப் பொறியினின்று பிரித்து வைத்துள்ளன. இக்கோப்புகளை எழுதவும் திருத்தவும் தகுதியுடையோர் தமிழாய்வாளரே.

• அறிவிக்கப்படாத சார்பே தரவிழப்பின் முதற்காரணம். எழுத்துருவைச் சார்ந்த ஆய்வேட்டுப் பட்டியல்கள் இதற்குச் சான்று.

• சொற்பகுப்புக்கும் ஒற்றுத் திருத்தத்திற்கும் இடையிலான சுழற்சார்பைப் புணர்ச்சி விதிகளைத் தனிக்கூறாக்குவதால் நீக்கலாம்.

• களஆய்வுச் சொற்பட்டியலைப் பின்னிணைப்பாக மட்டும் கருதாமல், ஒருங்குறி உரைக்கோப்பாக, பதிப்பெண்ணோடும் புல வரையறையோடும் தனியே வெளியிடுவதைத் தமிழ்த்துறைகள் ஆய்வேட்டு நெறிமுறையில் சேர்த்தல் வேண்டும்.

புளியங்குடிச் சந்தையில் இன்று வழங்கும் ஒரு சொல்லைப் பதிவுசெய்யும் மாணவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கருவியில் அதனைத் தேடவிருக்கும் ஆய்வாளருக்காகவும் பணியாற்றுகிறார். அக்கருவி எதுவாக இருக்கும் என்பதை இன்று எவரும் அறியார். அறியாத கருவிக்கும் பொருந்துமாறு தரவை அமைத்தல் இயலும் என்பதே செருகுநிரல் முறை தரும் உறுதி.